ஆள் குறையக் குறையப் பாடிய குழு: தெரெசீன் சிறுவர் சேர்ந்திசை, 1943–44

சிறுவர் பாட்டுக் குழு நடத்துகிறவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் தலைவலி ஒன்று உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களின் குரல் உடையும். ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போய்விடும். தேர்வு வந்தால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். நாற்பது பேரில் ஆறு பேர் போனாலே குழுவின் ஒலி மாறிவிடும், பாதிப் பாட்டை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்றைய செக் நாட்டில் உள்ள தெரெசீன் என்ற கோட்டை நகரத்தில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த காலத்தில், ஒரு சிறுவர் குழு ‘புருண்டிபார்’ என்ற ஒரே இசைநாடகத்தை ஏறத்தாழ ஓராண்டில் 55 முறை மேடையேற்றியது. அங்கே ஆள் குறைந்ததற்குக் காரணம் தேர்வோ குரல் உடைவதோ அல்ல. ஆயிரம் பெயர் கொண்ட பட்டியல் வரும், பெயர் உள்ளவர்கள் கிழக்கே போகும் ரயிலில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பாட்டுக் குழு வாரத்துக்கு ஒரு நிகழ்ச்சி என்ற கணக்கில் எப்படி நின்று பிடித்தது? இந்த ஆய்வு அந்த ஒரு கேள்வியைப் பற்றியது. மன உறுதி என்று ஒரு சொல்லில் விடை சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மன உறுதியால் மட்டும் ஸ்ருதி சேராது. அந்த இசைநாடகம் கட்டப்பட்ட விதம், அதைச் சொல்லிக்கொடுத்த விதம் இரண்டிலும் விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

பாட்டு பிறந்த இடம்

நாடகத்தின் பெயர் ‘புருண்டிபார்’. செக் பேச்சுவழக்கில் ரீங்காரமிடும் வண்டுக்கு அந்தப் பெயர். பிராகைச் சேர்ந்த ஹான்ஸ் கிராசா 1938இல் ஒரு அரசுப் போட்டிக்காக இசையமைத்தார், எழுதியவர் அடால்ஃப் ஹோஃப்மைஸ்டர். 1939 மார்ச்சில் ஜெர்மன் படை நாட்டைப் பிடித்துக்கொண்டது, போட்டி அப்படியே நின்றுபோனது.

நாடகத்துக்கு உயிர் வந்தது பிராகின் வினோஹ்ரடி பகுதியில் இருந்த யூதச் சிறுவர் இல்லத்தில். யூதக் குழந்தைகளுக்குப் பள்ளியும் பூங்காவும் திரையரங்கும் மறுக்கப்பட்ட பிறகு, அவர்கள் கூடுவதற்கு மிஞ்சிய சில இடங்களில் அதுவும் ஒன்று. இல்லத் தலைவர் ஓட்டோ ஃபிராய்டன்ஃபெல்டின் 50வது பிறந்தநாள் 1941இல் வந்தது. அதை ஒட்டி நடந்த பேச்சில்தான் இந்த நாடகத்தைக் குழந்தைகளை வைத்துப் போடலாம் என்ற யோசனை எழுந்தது. ரஃபாயேல் ஷெக்டர் என்ற இசைநடத்துநர் ஒத்திகையைத் தொடங்கினார். அவர் தெரெசீனுக்கு அனுப்பப்பட்டதும் தலைவரின் மகன், இளம் ஆசிரியர் ருடால்ஃப் ஃபிராய்டன்ஃபெல்ட், பொறுப்பை எடுத்துக்கொண்டார். பியானோ, வயலின், தாளக்கருவி, இவ்வளவுதான் பக்கவாத்தியம். நாடகம் ரகசியமாக அரங்கேறியபோது அதைக் கேட்க கிராசா இல்லை. 1942 ஆகஸ்ட் 10இலேயே அவரைத் தெரெசீனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

1943 ஜூலைக்குள் இல்லத்தின் குழந்தைகளும் பணியாளர்களும் ஏறத்தாழ எல்லாரும் தெரெசீனுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான் என்ற வரம்புக்குள் ருடால்ஃப் பியானோவுக்கான இசைக்குறிப்புப் பிரதி ஒன்றையும் ஒளித்துக் கொண்டுவந்தார். இந்த ஒரு கட்டுக் காகிதம் வந்திராவிட்டால் மீதிக் கதை இல்லை.

எப்படிப்பட்ட இடம்

தெரெசீன் 18ஆம் நூற்றாண்டில் ராணுவத்துக்காகக் கட்டிய ஊர். போருக்கு முன் ஏழாயிரம் பேர் வசித்த இடத்தில் 1942 செப்டம்பரில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். போர் முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர், 88,000 பேர் கிழக்கே அனுப்பப்பட்டனர்.

குழந்தைகளில் பலர் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் இருந்தார்கள். சிறுமியர் விடுதி ஒன்றின் 28ஆம் எண் அறை சுமார் முப்பது சதுர மீட்டர். அதில் மூன்றடுக்குக் கட்டில் போட்டு முப்பது பேர். பாடம் நடத்தத் தடை. பாட்டு, விளையாட்டு, கைவேலைக்கு அனுமதி உண்டு. இந்த ஓட்டை வழியாகத்தான் கல்வி முழுவதும் உள்ளே வந்தது, சேர்ந்திசையும் வந்தது.

ஆள் மாறினாலும் தாங்கும் கட்டமைப்பு

கதை ஒரு சின்னக் குழந்தைக்கும் ஒரு மூச்சில் புரியும். அனின்கா என்ற சிறுமிக்கும் அவள் உடன்பிறந்த பெபீச்செக் என்ற சிறுவனுக்கும் அப்பா இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியர் பால் வாங்கச் சொல்லிவிட்டார். கையில் காசில்லை. சந்தையில் பாடிக் காசு சேர்க்கப் பார்க்கிறார்கள். அங்கே கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வரும் பெட்டியோடு நிற்கும் புருண்டிபார் அவர்களை விரட்டிவிடுகிறான். ஒரு குருவி, ஒரு பூனை, ஒரு நாய் துணைக்கு வருகின்றன. தெருப் பிள்ளைகளையெல்லாம் அவை திரட்டுகின்றன. எல்லாரும் சேர்ந்து தாலாட்டுப் பாட, கேட்டவர்கள் காசு போடுகிறார்கள். புருண்டிபார் அதைத் திருடிக்கொண்டு ஓட, துரத்திப் பிடிக்கிறார்கள். வெற்றிப் பாட்டோடு முடிகிறது.

இதில் பார்க்க வேண்டியது கணக்கு. இரண்டு பாகம், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள். தனிக்குரல் வேடங்கள் பத்துக்கு அருகில்: இரண்டு பிள்ளைகள், புருண்டிபார், மூன்று விலங்குகள், ஐஸ்காரர், ரொட்டிக்காரர், பால்காரர், போலீஸ்காரர். இவற்றில் நான்கைந்துக்குச் சில வரிகள்தான். மற்ற பாரத்தையெல்லாம் சுமப்பது கோரஸ். கதையின் திருப்பமே கோரஸின் கையில் இருக்கிறது. இருவர் பாடினால் கேட்காது, எல்லாரும் பாடினால் கேட்கும் என்பதுதானே கதை. எனவே கோரஸில் முப்பது பேர் நின்றாலும் நாற்பது பேர் நின்றாலும் நாடகம் நாடகமாகவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட ஆள் இல்லாவிட்டால் நின்றுவிடும் காட்சிகள் மிகக் குறைவு.

இரண்டாவது, மெட்டுகள் அணிநடைக்கும், வால்ட்ஸ் என்ற மூன்று தட்டு நடனத்துக்கும் பொருந்தும்படி குட்டைக் குட்டை வரிகளாக அமைந்தவை. பெரும்பாலான இடங்களில் எல்லாருக்கும் ஒரே மெட்டு. தாலாட்டு போன்ற சில இடங்களில்தான் குரல்கள் பிரிகின்றன. பயிற்சி இல்லாத பிள்ளை ஒரே மெட்டுப் பாட்டைச் சில நாளில் பிடித்துக்கொள்ளும். குரல் பிரியும் பாட்டுக்கு வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும், ஏனென்றால் பக்கத்தில் கேட்கும் மெட்டுக்குள் வழுக்கி விழாமல் தன் மெட்டைப் பிடித்து நிற்பது தனிப் பழக்கம். பிரியும் இடங்கள் குறைவாக இருந்தது ஓர் அதிர்ஷ்டம். பட்டினி கிடக்கும் குழந்தைக்கு மூச்சு நீளாது என்பதால் வரிகள் குட்டையாக இருந்ததும் கைகொடுத்தது.

கிராசா இதைத் தெரெசீனுக்காக எழுதவில்லை; சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதினார். பள்ளிக் குழுவுக்குப் பொருந்தும் எளிமை முகாமுக்கும் பொருந்திப்போனது. உயர்ந்த நோக்கத்தைக் கொண்டாடுகிறவர்கள் இந்த வேலைத்திறனைக் கவனிக்கத் தவறுகிறார்கள் என்பது நம் குறை.

இரண்டரை மாத ஒத்திகை

பிரதி வந்தது ஜூலையில், முதல் நிகழ்ச்சி செப்டம்பர் 23இல். இடையில் இரண்டரை மாதம்.

பிராக் இல்லத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரியும். குழுவின் முதுகெலும்பு அவர்கள். விடுதிகளிலிருந்து புதிய பிள்ளைகளைச் சுரவரிசை பாடச் சொல்லிக் கேட்டுச் சேர்த்தார்கள். ஒத்திகை நடந்தது சிறுவர் விடுதியின் கூரைக்கு அடியில் இருந்த பரண் போன்ற தளத்தில். கோடையில் அங்கே வெந்து போகும்.

ஆளுக்கொரு பிரதி கிடையாது, பெரும்பாலான பிள்ளைகளுக்கு இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது. முழுவதும் வாய்ப்பாட்டாகவே ஏறியது. நம் குருகுலத்தில் சொல்லிக்கொடுக்கும் அதே முறை: ஆசிரியர் ஒரு வரி பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள், வரி பதிந்ததும் அடுத்தது, பிறகு இரண்டையும் கோத்து. இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஆசிரியர் தவறாகப் பாடினால் அந்தத் தவறும் நாற்பது பேருக்குள் பதிந்துவிடும், பிறகு அதை எடுப்பது புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். நன்மை, பாட்டு காகிதத்தில் இல்லாமல் ஆளுக்குள் இருக்கும். ஒத்திகையில் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் எல்லாப் பகுதியையும் கேட்டுக்கொண்டே இருப்பதால், கோரஸில் நிற்கும் பிள்ளைக்கும் குருவியின் வரி, நாயின் வரி எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். பின்னால் ஒருவர் இடத்தை இன்னொருவர் நிரப்பியதற்கு அடிப்படை இதுதான்.

ஷெக்டர் அதே ஊரில் பெரியவர்களைக் கொண்டு வெர்டியின் ‘ரெக்வியம்’ என்ற, இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசையைப் பாடவைத்தார். 150 பேர் கொண்ட அந்தக் குழுவும் ஒரே ஒரு பிரதியை வைத்து வாய்ப்பாட்டாகவே கற்றது. ரயில்கள் பாதிக் குழுவை எடுத்துச் சென்றதால் அவர் அதைத் திரும்பத் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. நான்கு குரலாகப் பிரிந்து, லத்தீனில், ஒன்றரை மணி நேரம் ஓடும் படைப்பு அது. ஆள் போனதும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் அந்த நீளமும் சிக்கலுமே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சிறுவர் நாடகத்தின் எளிமை எவ்வளவு காப்பாற்றியது என்று தெரியும்.

வாத்தியங்களுக்கு கிராசா புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. முகாமில் என்ன கருவி கிடைக்கிறது, யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று பார்த்து எழுதினார்: நான்கு வயலின், ஒரு செல்லோ, ஒரு டபுள் பேஸ், புல்லாங்குழல், கிளாரினெட், கித்தார், அக்கார்டியன், பியானோ, தாளக்கருவி. வாசித்தவர்கள் பெரியவர்கள், பலர் தொழில்முறைக் கலைஞர்கள். வயலினில் கரேல் ஃபுரோலிக், கிளாரினெட்டில் ஜாஸ் கலைஞர் ஃபிரிட்ஸ் வைஸ். இது நல்ல ஏற்பாடு. பிள்ளைகள் தடுமாறினால் மெட்டைப் பிடித்துக் கொடுக்க வயலின் இருக்கிறது. பக்கவாத்தியம் இல்லாமல் பாடும் சிறுவர் குழு மெதுவான பாட்டில் ஸ்ருதி இறங்கிக்கொண்டே போகும். தாலாட்டில் அது கட்டாயம் நடக்கும். அடியில் வாத்தியம் ஓடினால் இறங்க இடமில்லை.

மேடை

அரங்கம் தெரெசீனுக்குள் மக்டபுர்க் என்று பெயரிடப்பட்ட படைக் குடியிருப்பின் கூடம். அரங்க அமைப்பு ஃபிரான்டிஷெக் ஸெலென்கா, போருக்கு முன்பே பிராகில் பேர் பெற்றவர். நடன அசைவுகள் கமிலா ரோசன்பாம்.

ஸெலென்கா மேடையில் ஒரு பலகை வேலி போட்டார். வேலியில் குருவி, பூனை, நாய் மூன்றின் படங்கள் சுவரொட்டிபோல. தலை இருக்க வேண்டிய இடத்தில் துளை. விலங்காகப் பாடும் பிள்ளை பின்னாலிருந்து துளைக்குள் முகத்தை நீட்டினால் சுவரொட்டி உயிர் பெற்றுவிடும். மரமும் துணியும் இல்லாத ஊரில் மூன்று முழு வேடத்துக்குப் பதில் மூன்று துளை. முகம் நேராகக் கூட்டத்தைப் பார்ப்பதால் குரலும் நேராகப் போகும். உடை வீட்டிலிருந்து வந்ததுதான். பூனையாகப் பாடிய எலா ஷ்டைன் அக்காளின் கறுப்புக் கால்சட்டையும் அம்மாவின் கறுப்பு ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார்.

புருண்டிபார் வேடம் பில்சனிலிருந்து வந்த ஹோன்சா ட்ரைக்லிங்கர் என்ற ஆதரவற்ற சிறுவனுக்கு. ஒட்டுமீசையை மூக்குக்கடியில் துடிக்கவைக்கும் வித்தையை அவனாகவே கண்டுபிடித்தான். மீசைக்காரக் கொடுமைக்காரனைக் குழந்தைகள் சேர்ந்து தோற்கடிக்கும் கதையில், மீசை யாரைக் குறிக்கிறது என்று கூடத்தில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டு செக் மொழியில் இருந்தது.

வெற்றிப் பாட்டின் கடைசி வரிகளைக் கவிஞர் எமில் சௌடெக் மாற்றினார். அம்மா அப்பாவையும் தாய்நாட்டையும் நேசிப்பவன் எங்கள் தோழன் என்பது பழைய பொருள். நீதியை நேசித்து, அதன் பக்கம் நின்று, அஞ்சாதிருப்பவன் எங்கள் தோழன் என்பது புதியது. மெட்டு அப்படியே, சொல் மட்டும் வேறு. ஏற்கெனவே பழைய சொல்லில் பழகிய பிராக் பிள்ளைகள் இதை மறந்து கற்க வேண்டியிருந்திருக்கும். பாட்டு நடத்துபவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

அனுமதிச் சீட்டை முகாமின் ஓய்வுநேர நிர்வாகம் கொடுத்தது. இருக்கும் இடத்தைவிட எப்போதும் ஆள் அதிகம். மேடையில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் பிள்ளைகள் யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டாம். உயிர் பிழைத்தவர்கள் பலர் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ரயில்கள்

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1943 செப்டம்பர் 6, முதல் நிகழ்ச்சிக்குப் பதினேழு நாள் முன்பு, சுமார் 5,000 பேர் ஔஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு 5,000. 1944 மே மாதம் மூன்று நாளில் 7,503 பேர். ஒவ்வொரு முறையும் குழுவில் காலி இடம் விழுந்தது, ஒவ்வொரு முறையும் விடுதிகளிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குழு முழுவதும் ஒரே வேகத்தில் மாறவில்லை. அனின்காவாகப் பாடிய கிரேட்டா ஹோஃப்மைஸ்டர், புருண்டிபாராக நடித்த ஹோன்சா, பூனை எலா ஆகியோர் 1944 இலையுதிர்காலம் வரை அதே வேடத்தில் நின்றார்கள். வேகமாகத் தேய்ந்தது கோரஸ். மாற்ற எளிதான இடத்தில் மாற்றமும், மாற்றக் கடினமான இடத்தில் நிலைத்தன்மையும் அமைந்ததால் ஒவ்வொரு வாரமும் நாடகம் நடந்தது. யாரும் திட்டமிட்டு இப்படிச் செய்துவிட முடியாது. பட்டியல் யார் கையில் இருந்தது என்று நினைத்துப் பார்த்தாலே போதும். ஆனால் தற்செயலாகக் கிடைத்ததைப் பயன்படுத்தும் அளவுக்குக் கட்டமைப்பு இடம் கொடுத்தது.

புதிதாக வரும் பிள்ளைக்குப் பாட்டு தெரியாமலும் இருக்காது. முன்பே நாலைந்து முறை கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கும், விடுதி அறையில் அதே மெட்டை முணுமுணுக்கும் தோழி இருப்பாள். வெற்றிப் பாட்டு ஊரெல்லாம் பரவியிருந்தது. பார்வையாளர்களே அடுத்த பாடகர்கள். இப்படி ஒரு குழுவுக்கு ஆள் பஞ்சம் வர வேண்டுமென்றால் ஊரே காலியாக வேண்டும்.

அதுவும் நடந்தது.

1944 ஜூன் 23

செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதியும் டென்மார்க் அதிகாரிகளும் முகாமைப் பார்க்க வந்த நாள். அதற்கு முன் ஊருக்கு வெள்ளையடித்து, பூச்செடி வைத்து, நெரிசலைக் குறைப்பதற்காகவே மே மாதத்தில் அந்த 7,503 பேரை அனுப்பியிருந்தார்கள். நாடகம் மக்டபுர்க் கூடத்திலிருந்து வசதியான சோகோல் அரங்குக்கு மாற்றப்பட்டது. எத்தனையோ மாதம் கிடைக்காத பலகையும் சாயமும் ஸெலென்காவுக்குத் தாராளமாகக் கிடைத்தன. பிள்ளைகள் பாடினார்கள். வந்தவர்கள் பார்த்தார்கள், சாதகமாக அறிக்கை எழுதினார்கள்.

இந்தப் பக்கத்தை மெல்லத் தாண்டிவிட்டு எதிர்ப்பின் குரல் என்று மட்டும் இந்தக் குழுவைப் பேசுவது சரியல்ல. அதே பாட்டு உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சாகவும், வெளியே இருந்தவர்களுக்குத் திரையாகவும் பயன்பட்டது. பிள்ளைகள்மேல் அதில் எந்தப் பழியும் இல்லை. ஆகஸ்ட், செப்டம்பரில், முகாமில் கைதியாக இருந்த நடிகரும் இயக்குநருமான கர்ட் கெரோனை வைத்து நாஜிகள் எடுத்த பிரசாரப் படத்திலும் நாடகத்தின் இறுதிப் பாட்டு இடம்பெற்றது. அந்தத் துண்டு இன்றும் இருக்கிறது: வரிசையாக நின்று வாய் திறந்து பாடும் பிள்ளைகள், நடுவில் மீசை வைத்த சிறுவன்.

1944 செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 28 வரை பதினொரு ரயில்கள் கிளம்பின. 18,402 பேர். குழுவின் பெரும்பகுதி, வாத்தியக்காரர்கள், ஸெலென்கா, ஹோன்சா, கிராசா எல்லாரும் அவற்றில் போனார்கள். கிராசா அக்டோபர் 17 அன்று ஔஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். ஹோன்சாவும் திரும்பவில்லை. அதன்பின் நிகழ்ச்சி இல்லை.

மிஞ்சியது

ருடால்ஃப் உயிர் பிழைத்தார். இசைப்பிரதியும் பிழைத்தது. ஆனால் பல ஆண்டுகள் இதை யாரும் தேடவில்லை. 1970களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த செக் இசைக்கலைஞர் யோஷா கராஸ், பிழைத்தவர்களைத் தேடிப் பேசி, பிரதிகளைச் சேர்த்து, நாடகத்தை மறுபடி மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று பல நாடுகளில் பள்ளிகளும் சிறுவர் குழுக்களும் இதைப் போடுகின்றன.

இப்போது போடுகிறவர்கள் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான். வரலாற்றின் பாரத்தை முதல் பாட்டிலேயே ஏற்றி, பிள்ளைகளை மெதுவாகவும் சோகமாகவும் பாடவைக்கிறார்கள். வால்ட்ஸ் இழுபட்டு, ஸ்ருதி இறங்கி, நாற்பது நிமிடம் ஐம்பதாகிறது. எழுதப்பட்டது பால் வாங்கக் காசு சேர்க்கும் பிள்ளைகளின் வேடிக்கைக் கதை. தெரெசீனில் கூட்டம் சிரித்தது, மீசை துடித்தபோது கைதட்டியது. வேகத்தைக் குறைக்காமல் பாடினால் வரலாறு தானாகக் கேட்கும். வரலாற்றைச் சொல்ல விரும்பினால் நிகழ்ச்சிக்கு முன்போ பின்போ பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசலாம்.

அனின்காவாகப் பாடிய கிரேட்டா ஜெருசலேமில் வாழ்ந்தார். பூனையாகப் பாடிய எலா அமெரிக்காவுக்குக் குடியேறி 2018இல் தம் 87ஆம் வயதில் இறந்தார். இருவரும் பல நாட்டுச் சிறுவர் குழுக்களைப் போய்ச் சந்தித்தார்கள். எலாவை அழைத்த இடங்களில் இறுதிப் பாட்டு வரும்போது அவரும் மேடை ஏறி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு பாடுவார். பிள்ளைகள் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ பாட, அவர் செக்கில்.